வேற்றுக் கிரகத்தில் ஒரு பிடி மண்

எங்கள் தெருவில் துபாய் போய் வந்தவர்கள் பேரீச்சம்பழம் கொண்டுவருவார்கள். சிங்கப்பூர் போய் வந்தவர்கள் தைலம் கொண்டுவருவார்கள். நான் வேற்றுக் கிரகத்துக்குப் போய், மஞ்சள் துணியில் கொஞ்சம் மண் முடிந்து கொண்டுவந்தேன். ரயிலே இல்லாத பெரம்பலூரிலிருந்து ராக்கெட் இறங்கிய இடத்துக்கு பஸ்ஸில் போன கதை இது.

எளம்பலூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எழுத வருமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எதற்குத்தான் பயப்படவில்லை? வாசலைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். இந்தப் பயணத்தில் பயந்தது பெரும்பாலும் நடந்தது. ஆனாலும் போன காரியம் முடிந்தது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு சினிமா. நானும் மனைவி செல்வியும் போனோம். வெயிலுக்கு ஏசியில் உட்காரலாம் என்று சித்தப்பாவும் கூட வந்தார். படத்தில் ஒரு விண்கலம் பேர் தெரியாத கிரகத்தில் விழுகிறது. தரையெல்லாம் சிவப்பு மண். பின்னால் படிப்படியாக வெட்டிய வெள்ளைப் பாறை. கண்ணாடிக் குல்லா போட்ட கதாநாயகன் ஒரு மேட்டில் ஏறி, அங்கே கிடக்கும் கல்லைக் கையால் துடைக்கிறான். கல்லில் முறம் அளவுக்கு ஒரு சுருள், கிடாயின் கொம்பு மாதிரி. பாதித் தூக்கத்தில் இருந்த சித்தப்பா என் தொடையைப் பிடித்து அழுத்தினார்.

"டேய். நம்ம சாமிக்கல்லுடா அது."

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு மிச்சப் படம் மண்டையில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் பக்கம் கூலி வேலை பார்த்தது. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எங்கள் குலசாமி கருப்பு நின்றதே வேறொருவர் கொல்லை ஓரத்தில், அந்தச் சுருட்டைக் கல்லுக்குப் பக்கத்தில்தான். சுண்ணாம்புக்கல் எடுக்க அந்தக் கொல்லை கைமாறியது. சாமி யாருடையது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் கருப்பின் அரிவாளை மட்டும் பிடுங்கிக்கொண்டு பெரம்பலூர் வந்து சேர்ந்தார்கள். பிடிமண் எடுக்கவில்லை. யார் எடுப்பது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடித்து, எடுக்காமலே வந்துவிட்டார்கள்.

சாமியை இடம் மாற்றினால் பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி கொண்டுவர வேண்டும். அதைப் புது இடத்துக் குழியில் போட்டு, அதன்மேல்தான் சாமியை நிறுத்த வேண்டும். மண் வராமல் சாமி வராது. அதனால் இத்தனை வருஷமாக அரிவாள் சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தே இருந்தது. நட்டு வைக்கவும் முடியாது, எறியவும் முடியாது.

இந்த வருஷம் பங்காளிகள் சேர்ந்து சின்னதாக ஒரு மேடை கட்டினோம். வெள்ளிக்கிழமை சாமியை நிறுத்துவது என்று முடிவானது. பழைய இடம் குவாரிக் குழிக்குள் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். திருமழபாடியில் கொள்ளிடத்து ஆற்று மண் ஒரு பிடி எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் சினிமாவில் கல் வந்தது. கல் இருக்கிறது என்றால் இடமும் இருக்கிறது. நான் போய் எடுத்து வருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பங்காளி கோவிந்தன் சும்மா இருப்பானா? "சினிமாவுல பாத்துட்டு சாமிக்கு மண்ணெடுக்கப் போறானாம். நாளைக்கு ஈரோயினிய பொண்ணு பாக்கப் போவான்" என்றான். சிரிப்பு அடங்கியதும் மெதுவாக இன்னொன்று சொன்னான். "அது தெர்மாகோல் கல்லா இருக்கும்டா." அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கால் வலியால் சித்தப்பா வரவில்லை. விதிமுறைகளை மட்டும் சொல்லி அனுப்பினார். கவிச்சி கூடாது. தலைக்குக் குளித்து ஈரத்தோடு எடுக்க வேண்டும். மண்வெட்டி, கம்பி ஆகாது, கையால்தான் அள்ள வேண்டும். எடுத்த கையே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முக்கியமாக, வந்து சேரும்வரை மண் முடிச்சைக் கீழே வைக்கவே கூடாது.

புதன்கிழமை காலை கிளம்பினோம். பஸ் ஏறியதும் செல்வி, "கியாஸ மூடிட்டேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள். கேட்க இருந்த அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் சாலையோரத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் தெரியும். அரியலூர் நெருங்க நெருங்க தார்ப்பாய் போர்த்திய லாரிகள்தான் தெரிகின்றன. புளியமரத்து இலைகூட மாவு தூவியது போல் இருக்கிறது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது சன்னலோரம் தள்ளி உட்கார்ந்து ரயிலை முழுசாகப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அரியலூர்க்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இருக்கிறவனுக்கு அருமை தெரியாது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் தூங்கியிருந்தாள்.

குழி எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரெட்டிபாளையத்தில் இறங்கியதுமே டீக்கடைக்காரர், "படம் எடுத்த எடத்துக்கா?" என்று கை காட்டினார். நடந்து போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேப்பமரத்தடியில் விசிலோடு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். அந்தோணிசாமி என்று பேர். இந்தக் குழியில் வேலை நின்று பல வருஷம் ஆகிறது, பக்கத்துக் குழியில் நடக்கிறது, இது வெடி வைக்கிற நேரம், யாரும் உள்ளே போகக் கூடாது, நாளைக் காலையில் வாருங்கள் என்றார். நான் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். சங்கு ஊதியது. அடுத்து தரைக்குள்ளிருந்து ஒரு குலுங்கல் வந்தது, எங்கள் கால் வழியாக ஏறியது. கருப்பின் கல் விழுந்திருக்குமோ என்பதுதான் என் முதல் நினைப்பு.

எங்களைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர் அங்கே இருந்தார். பாலக்காட்டுக்காரர், ரதீஷ் என்று பேர். சினிமா எடுத்த இடங்களைத் தேடித் தேடிப் போகிறவர். போன இடத்தில் எல்லாம் சின்னக் கண்ணாடி பாட்டிலில் மண் எடுத்து, சீட்டு ஒட்டி வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறாராம். நாங்களும் மண் எடுக்கத்தான் வந்தோம் என்று செல்வி சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார். விரதத்துக்குச் சிப்ஸ் ஆகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே செல்வி பாதியைத் தின்றுவிட்டாள்.

அன்றைக்கு அரியலூரில் கொழுந்தியாள் வீட்டில் தங்கினோம். அவளுக்கு விரத சங்கதி தெரியாது. அக்காளும் மாமாவும் வருகிறார்கள் என்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, கத்தரிக்காய் போட்டு, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே காட்டினாள். நான் ரசம் போதும் என்றேன். "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று அவள் கேட்க, செல்வி ஆற அமர மூன்றாம் முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டு, மாமா நாளைக்குச் சாமி கூட்டி வரப் போகிறார் என்று விளக்கினாள். அரியலூரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசனைதான்.

வியாழக்கிழமை காலை தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு பஸ் ஏறினேன். ரெட்டிபாளையம் காற்றில் வேட்டி பத்து நிமிஷத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. ஈரத்தோடு எடுக்க வேண்டுமே என்று நான் முனகத் தொடங்கியதும் செல்வி தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். "அங்க போயி ஊத்திக்கலாம். கருப்பு என்ன, சோப்பு போட்டீங்களான்னா கேக்கப் போவுது?"

அந்தோணிசாமி வாசல் கயிற்றை அவிழ்த்து எங்களையும், எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்த ரதீஷையும் உள்ளே விட்டார். குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். ராட்சசன் ஏறி இறங்குவதற்கென்று வெட்டிய படிக்கட்டு மாதிரி வெள்ளைப் பாறை அடுக்கடுக்காக இறங்குகிறது. அடியில் பச்சைத் தண்ணீர், அலையே இல்லாமல். அதற்கு முந்தின தட்டில் தரையெல்லாம் சிவப்பு. படத்தில் பார்த்த அதே கிரகம். விண்கலத்தின் கதவு மட்டும் மிச்சம் கிடந்தது. ஒட்டுப்பலகையில் அடித்த வெள்ளிப் பெயின்ட் உரிந்து, அதன் நிழலில் இரண்டு வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ரதீஷ் அதற்கும் ஒரு படம் எடுத்தார்.

ஓரத்தில் வெட்டாமல் விட்ட மேடு. அதில் ஏறினோம். கல் இருந்தது.

கிட்டே போக எனக்குக் கால் வரவில்லை. தெர்மாகோல் என்றால் நாளைக்குக் கோவிந்தன் முகத்தில் எப்படி முழிப்பது? செல்வி முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினாள். டயர் ரிம்மைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் ஓங்கித் தட்டினேன். வலி முழங்கைவரை போனது. கல்தான். சுருளின் பள்ளங்களில் படப்பிடிப்புக்காரர்கள் பூசிய சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் அதற்கும் அடியில் பழைய மஞ்சளும் கருத்த எண்ணெயும் தெரிந்தன. செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் என் தலையில் தண்ணீரை ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து ரதீஷ் கொஞ்சம் தள்ளி நின்று போனில் யாரிடமோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை தமிழில் இப்படி வரும்: இங்கே ஒருவர் பாறைக்கு முன்னால் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார், நாமெல்லாம் என்ன ரசிகர்கள், இவரல்லவா ரசிகர்.

கல்லடியில் கையை விட்டு மூன்று முறை அள்ளினேன். பொலபொலவென்று வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து மார்போடு பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சுலபமாக எந்தக் காரியமும் எனக்கு முடிந்ததில்லை. அதுவே ஒரு உறுத்தலாக இருந்தது.

வெளியே வந்ததும் அந்தோணிசாமி முடிச்சில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார்.

"செவப்பு மண்ணா அள்ளுனீங்க?"

ஆமாம் என்றேன்.

"ஏங்க, அது சினிமாக்காரங்க கொண்டாந்து கொட்டுனதுங்க. இங்க ஏது செவப்பு மண்ணு? லோடு லோடா அடிச்சாங்க. நான்தான் கேட்டுல நின்னு எண்ணி விட்டேன்."

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"பெரம்பலூர்லேர்ந்து. எளம்பலூர் ரோட்டுப் பக்கம்னு டிரைவர் சொன்னாப்ல."

என் கடைக்குப் பின்பக்கத்து மேட்டைச் சுரண்டி லாரிகள் போனது நினைவுக்கு வந்தது. அதில் ஒரு லாரிக்கு நானே பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். என் கடைப் பின்பக்கத்து மண்ணை, இரண்டு பஸ் மாறி வந்து, ரசம் குடித்து விரதம் இருந்து, ஈர வேட்டியோடு அள்ளிக்கொண்டு நிற்கிறேன். கிளம்பும் முன் சித்தப்பாவிடம் ஆயிரம் கேள்வி கேட்டவன், அந்த மண் என்ன நிறம் என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் சித்தப்பாவிடம் போன் கிடையாது.

செல்வி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல கெடக்கறதுதான அவங்க மண்ணு. அடியில கெடக்கறது நம்மளுது. வாங்க" என்று திரும்பி நடந்தாள்.

ஆனால் இந்த முடிச்சை என்ன செய்வது? தப்பான மண் என்றாலும் சாமி பேரைச் சொல்லி அள்ளியது. கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தோணிசாமி தானே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது.

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் கையில குடுத்துட்டீங்க. சாமி ஒண்ணும் சொல்லாதே?"

"எங்க கருப்புக்கு சுருட்டு வாங்கி வைக்கிறவங்க எல்லாரும் சொந்தக்காரங்கதாங்கய்யா" என்றாள் செல்வி. அவர் யோசித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

மறுபடி மேடு, மறுபடி பாட்டில் தண்ணீர். சிவப்பு மண் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தது. அதைக் கையால் வழித்துத் தள்ளினேன். அடியில் வெள்ளையாக, இறுகி, தேங்காய்ப் பத்தை மாதிரி மண். பொலபொலவென்று வரவில்லை. நகம் இரண்டு பிய்ந்தது. செல்வி சூடம் கொளுத்தி, சுருட்டைப் பற்றவைத்து கல்லின்மேல் வைத்தாள். நான் பிராண்டிப் பிராண்டி மூன்று பிடி சேர்த்து, செல்வி கூடுதலாகக் கொண்டுவந்திருந்த இன்னொரு மஞ்சள் துணியில் முடிந்தேன். இது சுலபமாக வரவில்லை, அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

சிவப்பு முடிச்சுக்கும் ஒரு வழி பிறந்தது. நடந்ததைக் கேட்ட ரதீஷ் தன் பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, இதைக் கொடுங்கள் என்று வாங்கி நிரப்பிக்கொண்டார். அது எங்கள் ஊர் மண்தான், கிரகத்து மண் இல்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் தமிழில் சொன்னதைத் திருத்தி எழுதுகிறேன்: "கேமராவுக்கு முன்னால் எது கிடந்ததோ அதுதான் அந்தக் கிரகத்து மண். எனக்கு அது போதும்." அவருக்கு மேலே கிடந்தது வேண்டும், எனக்கு அடியில் இருந்தது வேண்டும். சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம். எளம்பலூர் ரோட்டு மண் இப்போது பாலக்காட்டில் ஒரு அலமாரியில் கிரகத்தின் பேரோடு உட்கார்ந்திருக்கிறது. படம் அனுப்பினார்.

திரும்பும்போது நான் பயந்தபடியே பஸ் பஞ்சர். பாதி வழியில், நிழலே இல்லாத இடத்தில். டிரைவரும் கண்டக்டரும் வீல் நட்டோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு நட்டு அசையவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பஞ்சருக்கு முன்னால் கை கட்டி நின்றேன். கட்டியது அல்ல, இரண்டு கையிலும் கருப்பின் முடிச்சு. கைமாற்றவும் கூடாது, வைக்கவும் கூடாது. வாயாலேயே வேலை வாங்கினேன். நட்டு மேல டீசல் விடுங்க, இப்ப தட்டுங்க, ஸ்பேனர் மேல பைப்பைச் சொருகி ஏறி நில்லுங்க. நட்டு கிறீச்சென்று இளகியது. நான் சொல்லிச் சொல்லி மற்றவர்கள் செய்வது நன்றாகத்தான் இருந்தது. வியர்வையில் நனைந்த கண்டக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "அப்புடி என்னதாங்க வச்சிருக்கீங்க அதுல?" என்று கேட்டார். சாமி என்றேன். சாமிக்கும் சீட்டு கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்.

இறங்கிய பிறகு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போய், மாட்டுக்கொட்டகையில் அரிவாளுக்கு மேலே முடிச்சை உறியில் தொங்கவிட்டோம். அப்போதுதான் கை நிமிரவில்லை என்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பங்காளிகள் எல்லோரும் மேடையைச் சுற்றி நின்றார்கள். உறியிலிருந்து எடுத்து வந்து குழிக்கு மேலே பிடித்தபடி முடிச்சை அவிழ்த்தேன். கோவிந்தன்தான் முதலில் எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, வெள்ளையா இருக்கு? படத்துல செவப்பால்ல இருந்துச்சு?"

நான் இருந்த இருப்பில் உண்மையைச் சொன்னேன். படத்தில் வந்தது நம் எளம்பலூர் ரோட்டு மண், லாரியில் போனது, இதுதான் அந்த இடத்து மண். சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு மாதிரி கேட்டது. கோவிந்தன் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். "அங்க போயி எந்தக் குழியில அள்ளுனானோ. பூமி தெரியாம சாமிய நிறுத்திட்டு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கொள்ளிடப் பேச்சை மறுபடி எடுத்தார்கள். செல்வி என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

சித்தப்பா கம்பை ஊன்றி வந்தார். என் கையிலிருந்த மண்ணை விரலால் கிளறினார். ஒரு கட்டியை நசுக்கினார். உள்ளேயிருந்து ஒற்றை ரூபாய் அளவுக்கு ஒன்று வந்தது. கல்லாகிப்போன ஒரு நத்தை, சாமிக்கல்லில் இருந்த அதே சுருள், குட்டியாக. வேட்டியில் துடைத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பொங்கலடுப்புக்கு நோண்டுனா இதுதான் வரும். நானும் ஒங்கப்பனும் இத வச்சு சில்லு வெளையாடுவம்."

பிறகு என்னைப் பார்த்தார். "எங்கயும் கீழ வைக்கலையே?"

"இல்ல சித்தப்பா."

"போடு."

போட்டேன். அவர் அந்தச் சுருளைக் குழியில் போடவில்லை, மடியில் முடிந்துகொண்டார். பங்காளிகள் சேர்ந்து பிடித்து அரிவாளைத் தூக்கினார்கள். அதில் ஒரு கை கோவிந்தனுடையது. அத்தனை வருஷம் சாய்ந்து கிடந்தது நிமிர்ந்து நின்றது. மண்ணைத் தள்ளி மிதித்தோம். செல்வி கற்பூரம் காட்டினாள்.

கிளம்பும்போது வழக்கம்போல எனக்குக் கை பரபரத்தது. அரிவாள் இறுகிவிட்டதா, ஆடுமா என்று ஒரு தடவை அசைத்துப் பார்க்கலாமா என்று. செல்வி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசைத்துப் பார்க்கவில்லை.